தரைப்படையும் நானூற்றுப் பன்னிரண்டு படிகளும்

உயிரே போனாலும் அந்தக் கோபுரத்தில் ஏறுவதில்லை என்று அவர் தீர்மானம் செய்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. தீர்மானம் இன்னும் சலவை மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது.

அவர் ஒரு பெரிய தொழிற்சாலையில் சேஃப்டி ஆபீசர். உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர் யாராக இருந்தாலும், அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஏணியின் முதல் படியில்கூடக் கால் வைக்கக் கூடாது. பெல்ட் இறுக்கமாக இருக்கிறதா, கொக்கி மாட்டியாயிற்றா, கயிறு எங்காவது நைந்திருக்கிறதா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பார்ப்பார். சொல்வார். எல்லாம் தரையில் நின்றபடி, பைனாகுலர் வழியாக.

"சார், ஒரு தடவையாவது மேல வந்து பாருங்களேன்" என்று ஒருநாள் பெயின்டர் மேஸ்திரி கூப்பிட்டார்.

"எல்லாரும் மேல வந்துட்டா கீழ இருந்து யாருய்யா பாக்கறது? எந்தப் படைத்தளபதியாவது மரத்துல ஏறி உக்காந்துக்கிட்டு சண்டை நடத்தியிருக்கானா?"

மேஸ்திரி பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார். ஆனால் சாயங்காலச் சங்கு ஊதுவதற்குள் தொழிற்சாலை முழுக்கச் சேஃப்டி ஆபீசருக்கு 'தரைப்படை' என்று பெயர் ஆகிவிட்டது.

உள்ளதைச் சொன்னால் நம் தரைப்படைக்கு உயரம் ஆகாது. இரண்டாவது மாடி ஜன்னலில் எட்டிப் பார்த்தாலே தெரு எழும்பி வந்து அவரிடம் குசலம் விசாரிக்கும். "அப்படியானால் அந்தக் கோபுரம் இருக்கிற ஊருக்கு விமானத்தில் எப்படிப் போனார்?" என்று கேட்பீர்கள். ஜன்னலுக்கு வெகு தூரத்தில் உட்கார்ந்து, இது ஒரு பஸ், வெளியே இருட்டாக இருக்கிறது, ஓட்டுநர் நல்லவர் என்று ஒன்பது மணி நேரம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனார்.

இது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாத ரகசியம் என்பது அவருடைய நம்பிக்கை. முக்கியமாக மனைவிக்குத் தெரியாது. அந்த வீட்டில் பயம் என்கிற இலாகா முழுக்க மனைவியுடையது. கரப்பான் பூச்சி, இடி, குழந்தையின் இரண்டாவது தும்மல், குழந்தை தும்மாமல் ரொம்ப நேரம் தூங்குவது, எல்லாவற்றுக்கும் அவள்தான் பயப்படுவாள். தைரிய இலாகா அவருடையது. "எதுக்கெடுத்தாலும் இப்படி நடுங்கறியே, என்னைப் பாரு!" என்று ஆறு வருடத்தில் ஆறாயிரம் தடவை சொல்லியிருப்பார். அப்படிச் சொன்ன வாயால் 'மாடிப்படி கண்டால் எனக்கு முழங்கால் தனியாகப் பேசும்' என்று எப்படிச் சொல்வது? சொன்னால் நாளைக்கு அந்தக் கரப்பான் பூச்சிகூட அவரை மதிக்காது.

இந்த நிலைமையில்தான் பரிசு வந்து தொலைத்தது. பன்னிரண்டு மாதமாகத் தொழிற்சாலையில் ஒரு விரல் நகத்துக்குக்கூடச் சேதம் இல்லை என்று நிர்வாகம் பூரித்துப் போய், அவரைக் குடும்பத்தோடு ஆறு நாள் வெளிநாட்டுக்கு அனுப்பியது. பயணச் சீட்டு வந்த உறையின் மேலேயே அந்தக் கோபுரத்தின் படம். உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிற கல் கோபுரம். நானூற்றுப் பன்னிரண்டு படி, லிஃப்ட் கிடையாது என்று கீழே பெருமையாக அச்சடித்திருந்தார்கள். அவர் உறையைக் கவிழ்த்து வைத்தார்.

மனைவியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவள் டீச்சர். பாடம் நடத்துவதைவிடப் பெரிய வேலை ஒன்று அவள் கையில் இருந்தது: பள்ளிக்கூடம் முழுவதற்கும் கால அட்டவணை போடுவது. நாற்பது ஆசிரியர்கள். நாற்பது பேருக்கும் கடைசிப் பீரியட் ஆகாது. ஆனால் டீச்சர் அட்டவணை போட்டால், கடைசிப் பீரியட் கிடைத்தவர்களே அவளைத் தேடி வந்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். எப்படி என்று தலைமை ஆசிரியருக்கே இன்றுவரை விளங்கவில்லை. இப்போது பிரசவ விடுப்பில் இருந்தாள். வீட்டில் எட்டு மாதப் பெண் குழந்தை. பெயர் வைத்திருந்தார்கள், ஆனால் கூப்பிடுவது உருண்டை என்று. உருண்டைக்கு இரண்டு பல், ஒரே கொள்கை: இடுப்பை விட்டு இறங்குவதில்லை. இறக்கிவிட்டால் தொழிற்சாலைச் சங்கு தோற்கும்.

பயணத்துக்கும் டீச்சர்தான் அட்டவணை போட்டாள். முதல் நாளே கோபுரம்.

முதல் நாள் அவர் களைப்பு என்றார். "சரிங்க, நாளைக்குப் போயிக்கலாம்" என்று டீச்சர் ரப்பரால் அழித்து அடுத்த கட்டத்தில் எழுதினாள். இரண்டாம் நாள் மழை வரும்போல இருந்தது. வரவில்லை, ஆனாலும் வரும்போல இருந்ததல்லவா? மூன்றாம் நாள் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் கோபுரத்துக்கு வார விடுமுறை என்று எங்கோ படித்ததாகச் சொன்னார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. ஐந்தாம் நாள்தான் அவருடைய சாமர்த்தியத்தின் உச்சம். கோபுரத்துக்குப் போகிறேன் பேர்வழி என்று எதிர்த் திசையில் போகிற பஸ்ஸில் ஏற்றி, ஊர் எல்லையில் ஒரு பஸ் பணிமனையைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கூட்டி வந்தார். டீச்சர் ஒரு முணுமுணுப்பு இல்லாமல், ஒவ்வொரு நாளும் அழித்து அடுத்த கட்டத்தில் எழுதினாள்.

பாவம், வெள்ளை மனசு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆறாம் நாள் வந்தது. அடுத்த கட்டம் இல்லை.

ஓட்டல் அறையில் பெட்டிகள் வாயைப் பிளந்து கிடந்தன. மூன்று மணிக்கு விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். டீச்சர் உருண்டையின் துணிகளை உருட்டி உருட்டிப் பெட்டியின் சந்துகளில் செருகிக்கொண்டே கேட்டாள்:

"என்னங்க, இன்னிக்கு முழங்கால் எப்படி?"

"பரவால்ல."

"மழை?"

அவர் ஜன்னல் பக்கம் போகாமல் கட்டிலில் இருந்தபடியே வானத்தைப் பார்த்தார். வானம் துரோகம் செய்திருந்தது. "வெயில்தான்."

"அப்ப கிளம்பலாமா? இவ்வளவு தூரம் வந்துட்டு அதைப் பாக்காமப் போனா ஊர்ல சிரிப்பாங்க."

அவர் தொண்டையைச் செருமினார். ராத்திரி முழுக்க யோசித்துச் செதுக்கி வைத்திருந்த திட்டம். கொஞ்சம் தியாகக் குரலில் எடுக்க வேண்டும்.

"போலாம். ஆனா ஒண்ணு யோசிச்சியா? நானூறு படி. குறுகலான வழி. இவளைத் தூக்கிக்கிட்டு எப்படி ஏறுவ? சேஃப்டி ஆபீசரா நான் இதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

டீச்சரின் கை நின்றது. "அட, ஆமால்ல? அப்ப என்னங்க பண்றது?"

"ஒருத்தர் கீழ இருந்துதான் ஆகணும்."

"அப்ப நான் இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க. பரிசு வாங்கினது நீங்க."

இந்த இடம் அவர் எதிர்பார்த்ததுதான். "சேச்சே! அதெல்லாம் முடியாது. எட்டு மாசமா நீதான் இவளைத் தூக்கிக்கிட்டே அலையற. இன்னிக்கு நீ போ. நீ பாத்தா நான் பாத்த மாதிரி."

"உங்களுக்கு ஆசை இருக்காதா?"

"ஆசைதான். என்ன பண்றது, குடும்பம்னா விட்டுக் குடுக்கணும்."

டீச்சர் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவருக்கே கண் கலங்கியது. இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்?

பத்து மணிக்கெல்லாம் சதுக்கத்தில் இருந்தார்கள். கோபுரம் படத்தில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. சாம்பல் நிறக் கல், போகப் போகச் சிறுத்து, உச்சியில் சுற்றிலும் ஒரு மாடம். ஏறுவதற்கு ஒரு வாசல், இறங்குவதற்கு மறுபக்கம் இன்னொரு வாசல். ஏறின வழியில் இறங்க முடியாது. அதைப் பார்த்ததும் 'ஒருவழிப் பாதை, அவசரத்துக்கு வெளியேற வழி இல்லை, பெருங்குறை' என்று அவர் மனம் தானாகவே குறிப்பு எழுதிக்கொண்டது.

இறங்கும் வாசலுக்கு நேர் எதிரே ஒரு பெஞ்சில் அவரை உட்கார வைத்து, குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் பையை மாட்டிவிட்டாள் டீச்சர். தோளில் இன்னொரு பை.

"பால் சிவப்பு மூடி போட்ட புட்டில. கலக்கி வெச்சிருக்கேன். டயப்பர் நாலு. முகத்துல வெயில் படாமப் பாத்துக்கங்க. அழுதா தட்டாதீங்க, ஆட்டுங்க. ரொம்ப ஆட்டாதீங்க, கக்கிடுவா. கண்டதை வாயில வெப்பா, பாத்துக்கங்க."

"தெரியும்மா. ரெண்டாயிரம் பேரைப் பாத்துக்கறவன் நான்."

"அவங்க யாரும் வாயில வெக்க மாட்டாங்களே."

"எவ்வளவு நேரமாகும்?"

"ஏற ஒரு மணி, பாக்க ஒரு மணி ஆகுமில்ல? வாழ்க்கையில ஒரு தடவை. அவசரப்படுத்தாதீங்க." நீலச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சீட்டைக் கையில் பிடித்தபடி வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் மஞ்சள் தொப்பி போட்ட நெட்டை ஆள் ஒருவர். வரிசை வளைந்தது. நீலச் சால்வை மறைந்தது.

தரைப்படை கால்களை நீட்டி உட்கார்ந்தார். கையில் ஒரு காப்பி இருந்தால் அவர் அன்றைக்கு மகாராஜா.

மகாராஜா ஆட்சி ஏழு நிமிடம் நடந்தது.

முதலில் உருண்டை முனகினாள். ஆட்டினார். ரொம்ப ஆட்டிவிட்டார். சட்டைக் காலரிலிருந்து முழங்கை வரைக்கும் பால். அதைத் துடைக்கும்போது டயப்பர் நிறைந்தது. பெஞ்சில் துண்டை விரித்து, கையுறை இல்லாததால் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, ஆபத்தான ரசாயனத்தைக் கையாளும் விதிகள் எட்டையும் ஒன்றுவிடாமல் பின்பற்றி டயப்பர் மாற்றினார். பக்கத்தில் கோபுரப் படம் போட்ட அஞ்சலட்டை விற்றுக்கொண்டிருந்த அம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து, அந்தத் தேசத்து மொழியில் ஏதோ சொல்லி, டயப்பரை அவிழ்த்து, முன்பக்கத்தை முன்பக்கம் வைத்து மாட்டிவிட்டுப் போனாள்.

"பாத்தியா?" என்றார் அவர் உருண்டையிடம். "அந்தம்மாவுக்கு நம்ம முறை புரியல."

உருண்டை "ப்பு" என்றாள்.

பால் கொடுத்தார். பாதியைக் குடித்துவிட்டு மீதியைச் சிந்தினாள். செருப்பின் வாரை வாயில் வைத்தாள். பிடுங்கினார். சங்கு. போவோர் வருவோரெல்லாம் திரும்பிப் பார்க்கிற சங்கு. தூக்கிக்கொண்டு சதுக்கத்தை முப்பத்தேழு தடவை சுற்றினார். இடுப்பு கழன்று கையோடு வந்துவிடும்போல இருந்தது. ஒன்றே கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. இதைத்தானா இவள் எட்டு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறாள் என்று ஒரு நினைப்பு வந்தது. வசதியில்லாத நினைப்பு. அதை அப்புறப்படுத்துவதற்காகப் பைனாகுலரை எடுத்தார்.

கீழே நின்று மேலே பார்ப்பதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை, சம்பளமே அதற்குத்தான். உச்சி மாடத்தில் தலைகள் நகர்ந்தன. அதோ, நீலச் சால்வை!

"உருண்டை, அதோ பாரு அம்மா! டாட்டா காட்டு!" குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினார். தானும் ஆட்டினார். நீலச் சால்வை திரும்பிப் பார்க்கிற வரைக்கும் கால் மணி நேரம் ஆட்டினார். திரும்பியது. அதற்குத் தாடி இருந்தது.

மறுபடி தேடினார். மாடத்தில் தெரிந்தவரைக்கும் ஒவ்வொரு தலையாக, கொக்கி பார்ப்பதுபோலப் பார்த்தார். அவள் இல்லை. சரி, இறங்கிக்கொண்டிருப்பாள் என்று வாசலைப் பார்த்தார். யார் யாரோ வந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மஞ்சள் தொப்பி நெட்டை ஆள் வந்து, கால்களை உதறிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னாலேயே ஏறியவளைக் காணோம். பன்னிரண்டு பத்து. காணோம்.

சேஃப்டி ஆபீசர் வேலையில் ஒரு சாபம் உண்டு. மற்றவர்களுக்கு விபத்து என்றால் ஒரே விபத்து. அவருக்கு அது தொண்ணூற்று மூன்று வகை, எண் போட்டு மனப்பாடம். வழுக்கி விழுதல் நாலு. மூச்சடைத்தல் பதினேழு. தலைசுற்றிப் படியில் சரிதல் இருபத்தொன்று. எட்டு மாதமாக ராத்திரித் தூக்கம் இல்லாதவள். காலையில் சரியாகச் சாப்பிட்டாளா? இவர் பார்க்கவில்லை.

போனை எடுத்து அவளைக் கூப்பிட்டார். தோளில் தொங்கிய பைக்குள், டயப்பருக்கு நடுவில், மணி அடித்தது.

அவர் எழுந்தார். ஏறும் வாசலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். வாசல் காவலர் தொப்பையும் விசிலுமாக நின்றிருந்தார். மொழி கிடையாது. இவர் கையாலேயே பேசினார்: இவ்வளவு உயரம், போர்வை, மேலே போனாள், கீழே வரவில்லை. காவலர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு இவருடைய சட்டைப் பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த, பரிசு உறையோடு வந்த இன்னொரு நுழைவுச் சீட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. சீட்டை உருவி, ஒரு மூலையைக் கிழித்து, கையில் கொடுத்து, 'மேலே போ' என்று கட்டை விரலால் காட்டினார்.

தரைப்படை படியைப் பார்த்தார். படி அவரைப் பார்த்தது. இருட்டில் சுழன்று சுழன்று மேலே போயிற்று.

அஞ்சலட்டை அம்மாளிடம் குழந்தையை விட்டுவிட்டுப் போகலாமா? டயப்பர் நன்றாகத்தான் மாட்டினாள். ஆனால் முன்பின் தெரியாதவளிடம் எப்படி விடுவது? திரும்பிவிடலாமா? திரும்பினால் அவள்? ஐந்து வாரமாக மடிப்புக் கலையாமல் வைத்திருந்த தீர்மானம் அந்த இடத்தில் கசங்கியது. குழந்தைப் பையின் கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். மூன்றாம் தடவையும் பார்த்தார். பிறகு இடது காலை வைத்தார். வலது கால் வருவதற்குக் கொஞ்சம் தாமதித்தது, அதையும் கூட்டிக்கொண்டார்.

முதல் ஐம்பது படி கண்ணைத் திறந்துகொண்டு ஏறினார். அறுபத்தெட்டில் சுவரில் ஒரு துளை ஜன்னல் வந்தது. அதற்குள் வானம் இருந்தது. அதற்குப் பிறகு கண் மூடிக்கொண்டது. சுவரைத் தடவித் தடவி, வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனார். உருண்டைக்கோ பிறந்ததிலிருந்து இப்படி ஒரு கொண்டாட்டம் கிடைத்ததில்லை. அப்பாவின் மூக்கு கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறது, இருட்டு வருகிறது, வெளிச்சம் வருகிறது, கத்தினால் கோபுரமே திருப்பிக் கத்துகிறது. கெக்கெக்கே என்று சிரித்தாள்.

இருநூற்று நாற்பத்தொன்றில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த கூட்டம் நின்றது. ஊன்றுகோலோடு வந்த கிழவர் ஒருவர் 'உங்களுக்கு வேண்டுமா?' என்பதுபோலக் கோலை நீட்டினார். வெட்கம் இருக்கிறதே, அது பெல்ட்டை விட நன்றாகத் தூக்கி நிறுத்தும். எழுந்துவிட்டார்.

நானூற்றுப் பன்னிரண்டு. காற்று முகத்தில் அறைந்தது. தேட வேண்டுமே, கண்ணைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்தார். உலகம் முழுவதும் கீழே இருந்தது. முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்தார்.

"ஏம்மா! டீச்சர்! ஏம்மா!"

தாடிக்காரர் மட்டும் அங்கேயே நின்று கோபுரத்தை அனுபவித்துக்கொண்டிருந்தார். மாடத்தின் நாலாவது பக்கம், ஆற்றைப் பார்த்த பக்கம், ரிப்பேருக்காகத் தரையிலிருந்து கூரைவரை பலகை அடித்து மூடியிருந்தது. ஆறும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. அந்தப் பலகையைக் கண்டதும் உடன்பிறப்பைக் கண்டதுபோல் ஓடிப்போய், குழந்தைக்கு மட்டும் இடம் விட்டு, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். ஐந்து நிமிடம் அப்படியே நின்றார்.

அவள் இங்கே இல்லை. படியிலும் தட்டுப்படவில்லை. அப்படியானால் இவர் ஏறும்போது அவள் இறங்கியிருப்பாளா?

பைனாகுலரை எடுத்தார். பலகையை விட்டுச் சதுக்கத்துப் பக்கம் நகர்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக மேலே நின்று கீழே பார்த்தார். சதுக்கம் ஆடியது, பிடித்து நிறுத்தினார். பெஞ்ச். பெஞ்சில் நீலம். டீச்சர் இரண்டு கையையும் தூக்கிச் சோம்பல் முறித்துவிட்டு, அஞ்சலட்டை அம்மாளிடம் ஏதோ கேட்க, அந்தம்மாள் கோபுரத்தைக் கை காட்டிக்கொண்டிருந்தாள்.

"உருண்டை, அம்மாடி!" என்றார். பதினேழும் இல்லை, இருபத்தொன்றும் இல்லை. முழுசாக இருக்கிறாள்.

இறங்கும்போது பாதித் தூரம் உட்கார்ந்தபடியே, படி படியாக இறங்கினார். காற்சட்டையின் பின்பக்கம் பல நூறு வருடத்துக் கல்லைத் துடைத்துக்கொண்டு வந்தது. ஆனால் கடைசி வளைவில் எழுந்து நின்று, தலையை வாரிக்கொண்டு, வெளியே வரும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ஏறிவிட்டாரே! இனி அவருக்கு மறைக்க என்ன இருக்கிறது?

"எங்கங்க போயிட்டீங்க?" டீச்சர் ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். "பயந்தே போயிட்டேன்."

"சும்மா, இவளுக்கு வேடிக்கை காட்டப் போனேன்." பெரிய செய்தியை உடனே சொல்லிவிடக் கூடாது, கொஞ்சம் ஊறவிட வேண்டும். "நீ சொல்லு, மேல எப்படி இருந்துச்சு?"

"அதை ஏன் கேக்கறீங்க! சொர்க்கம்தான். அறுபது வருஷம் கட்டினாங்களாம். கல்லுக்குக் கல் நடுவுல ஒரு நூல்கூட நுழையாதாம். முக்கியமா அந்த ஆறு இருக்கே ஆறு, மேல இருந்து பாக்கறப்ப வெள்ளிக் கம்பி மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது. படகெல்லாம் எறும்பு மாதிரி."

அவர் காது விறைத்தது. "எது? ஆறா?"

"ஆமாங்க."

"நல்லாத் தெரிஞ்சுதா?"

"கண்ணாடி மாதிரி."

ஆறு வருடத் தாம்பத்தியத்தில் இப்படி ஒரு நிமிடம் அவருக்கு வாய்த்ததே இல்லை. அவசரப்படாமல், பெஞ்சில் உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டார். மேலே போட்ட கால் நடுங்கியது. இறக்கி வைத்தார்.

"ஆத்துப் பக்கம் முழுக்கப் பலகை அடிச்சு மூடியிருக்கும்மா. ஒரு சொட்டு ஆறு தெரியாது."

டீச்சர் அசையவில்லை. "யார் சொன்னா?"

"நான் பாத்தேன்."

"கீழ இருந்தா?"

"மேல இருந்து! நானூத்திப் பன்னெண்டு படி. இவளைக் கட்டிக்கிட்டு. நீ ஏறவே இல்லை. சொல்லு, எங்க இருந்த?"

டீச்சர் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். சட்டையில் பால், முழங்கையில் சுண்ணாம்பு, பின்பக்கம் பல நூற்றாண்டுத் தூசி. பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவர் கவனித்தார்: அவள் கன்னத்தில் நாற்காலி மெத்தையின் கோடு கோடாக அச்சு விழுந்திருந்தது.

"வாசலுக்குள்ள நுழைஞ்சதும் இடது பக்கம் ஒரு ஹால் இருக்குங்க. கோபுரம் கட்டின கதையைப் படமாக் காட்டறாங்க. இருட்டு, ஏசி, மெத்தை போட்ட நாற்காலி. இருபது நிமிஷப் படம், திரும்பத் திரும்ப ஓடுது. முதல் தடவை முழிச்சுப் பாத்தேன், நீங்க கேட்டா சொல்லணுமே. அப்புறம் ஆறு தடவை ஓடுச்சு. ஆறு தடவையும் தூங்கிட்டேன்."

"தூங்கினியா?"

"எட்டு மாசத்துல முதல் தடவை. கூப்பிட ஆள் இல்லாம."

"அதுக்கு என்கிட்ட கேட்டிருக்கலாமே!"

"கேட்டேனே. போன மாசம் ஞாயித்துக்கிழமை கேட்டேன். பத்தே நிமிஷத்துல எழுப்பி, டயப்பர் எப்படி மாட்டறதுன்னு கேட்டீங்க." அவள் குரலில் கோபம் ஒன்றும் இல்லை. "அதான் யோசிச்சேன். முதல் நாள்ல கோபுரம்னு போட்டா நீங்க தள்ளித் தள்ளிக் கடைசி நாளுக்குக் கொண்டு வந்துடுவீங்க. கடைசி நாள்ல தப்பிக்க உங்களுக்கு ஒரே வழிதான் இருக்கும். இவளை நீங்களே கேட்டு வாங்கிக்குவீங்க."

அவருக்கு வாய் திறந்தபடி நின்றது. "தப்பிக்கவா? நான் எதுக்குத் தப்பிக்கணும்?"

"நம்ம கல்யாண மேடைக்கு நாலே நாலு படிங்க. நாலாவது படியில என் கையைப் பிடிச்சீங்க பாருங்க, ஒரு வாரம் வீங்கியிருந்துச்சு. எல்லாரும் மாப்பிள்ளைக்கு எவ்வளவு ஆசைன்னாங்க. எனக்கு அப்பவே தெரியும்."

அவர் அஞ்சலட்டை அம்மாளைப் பார்த்தார். அந்தம்மாளும் தலையை ஆட்டினாள், எல்லாம் புரிந்ததுபோல.

"ஆனா நீங்க ஏறுவீங்கன்னு நினைக்கலைங்க" என்றாள் டீச்சர், குரல் தாழ்ந்து. "எதுக்கு ஏறினீங்க?"

"உன்னைக் காணோமே" என்றார். "போன் வேற இங்கயே அடிச்சுது."

டீச்சர் நெருங்கி உட்கார்ந்தாள். இன்னும் ஆடிக்கொண்டிருந்த அவர் முழங்காலின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். ஆட்டம் மெல்ல நின்றது. உருண்டை இருவருக்கும் நடுவில், ஒரு சத்தமும் இல்லாமல், தானாகவே தூங்கிப் போயிருந்தாள். அப்படியே இருந்துவிட்டிருந்தால் நம் தரைப்படை அன்றைக்குக் கௌரவமாக ஊர் திரும்பியிருப்பார்.

ஆனால் ஆண்பிள்ளைக்கு அமைதி கொஞ்ச நேரம்தான் தாங்கும். அவர் கோபுரத்தை, இப்போது தனக்குச் சொந்தமான கோபுரத்தை, நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. ஏர்ற வரைக்கும்தான் ஒரு மாதிரி இருக்கும். ஏறிட்டா உயரமாவது ஒண்ணாவது! இனிமே எவ்வளவு உசரமா இருந்தாலும் எனக்குச் சர்வ சாதாரணம். சொல்லு, எங்க வேணா ஏர்றேன்."

டீச்சர் சால்வையின் நுனியால் அவர் முழங்கையில் இருந்த சுண்ணாம்பைத் துடைத்துவிட்டாள்.

"ரொம்ப நல்லதாப் போச்சுங்க" என்றாள். "ஊருக்குப் போனதும் பரணைச் சுத்தம் பண்ண இனி ஆள் தேட வேண்டாம்."